மூன்று பெட்டி வளையங்கள்

எங்கள் கம்பெனி வளர்ந்த கதையை நான் நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு, பார்வையிட வரும் மில் முதலாளிகளுக்கு, ஒரு முறை மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வங்கதேசத்துக்காரர்களுக்கு. நன்றாகச் சொல்வேன் என்று பெயர். எந்த இடத்தில் நிறுத்தினால் சிரிப்பார்கள், எந்த இடத்தில் குரலை இறக்கினால் தலையாட்டுவார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அந்தக் கதையில் ஒரு பொய் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் கதைக்குள் எனக்கு இடமே இல்லை.

இங்கே அதை எடுத்துவிட்டுச் சொல்லப் பார்க்கிறேன். யார் பெயரையும் போடவில்லை. அடக்கம் என்று நினைத்துவிட வேண்டாம், பயம்தான். தெரிந்தால் என்னை என்ன செய்துவிடுவார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் செய்ய மாட்டார்கள். "அட, அப்படியா" என்று சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். அதை நினைத்தால் இன்னும் கேவலமாக இருக்கிறது.

முதலில் வளையத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நூல் சுற்றுகிற இயந்திரங்களில் நூல் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். அது திரும்புகிற ஒவ்வொரு இடத்திலும் எதையாவது தொட்டுக்கொண்டுதான் திரும்ப வேண்டும். அந்த இடத்தில் இரும்பை வைத்தால் சில வாரங்களில் நூல் இரும்பையே அறுத்துப் பள்ளம் போட்டுவிடும். சொன்னால் நம்ப மாட்டார்கள், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் அங்கே பீங்கானில் ஒரு சின்ன வளையம் பொருத்துவார்கள். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும், நடுவில் ஓட்டை. நீங்கள் போட்டிருக்கிற சட்டையின் நூலும் எங்கேயோ ஒரு வளையத்துக்குள் புகுந்து வந்ததாகத்தான் இருக்கும்.

அந்த வளையங்களை விருத்தாசலத்தில் செய்துகொண்டிருந்த ஒரு சின்னப் பட்டறையில் நான் சூப்பர்வைசர். தொழிற்பேட்டையில் எங்களைச் சுற்றி இருந்தவர்கள் ஃப்யூஸ் கட்டையும் கொலு பொம்மையும் ஊறுகாய் ஜாடியும் செய்தார்கள். நாங்கள் மட்டும் பருத்தி நூல் மில்களுக்கு வளையம் செய்தோம். பீங்கான் டிப்ளமோ படித்தவன் என்பதில் எனக்கு ஏகப்பட்ட மிதப்பு. சட்டையை இன் செய்துகொண்டுதான் பட்டறைக்குப் போவேன், வெள்ளை மாவு படிந்து மத்தியானத்துக்குள் எல்லோரும் ஒரே நிறமாகிவிடுவோம் என்றாலும். கத்துவதுதான் மேற்பார்வை என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. இப்போது மட்டும் மாறிவிட்டேனா என்றால், இப்போது இங்கிலீஷில் கத்துகிறேன்.

ஃபினிஷிங் பிரிவில் நான்கு பெண்கள். அவர்களில் மூத்தவர் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வருவார். என்னைவிட ஆறேழு வயது பெரியவர், அதனால் அக்கா என்று கூப்பிடுவேன். கூப்பிடுவது அக்கா, அதட்டுவது சூப்பர்வைசர். அவர் என்னை சார் என்பார். சூளையிலிருந்து வெந்து வந்த வளையங்களை டிரம்மில் போட்டு, தண்ணீரும் பொடிக்கல்லும் சேர்த்து உருட்டுவதும், பிறகு ஒவ்வொன்றாகச் சோதித்துப் பெட்டியில் அடுக்குவதும் அவர் வேலை. டிரம்மில் எவ்வளவு நேரம் உருள்கிறதோ அவ்வளவு வழவழப்பு ஏறும். பருத்தி நூலுக்கு இரண்டு நாள் உருட்டுவோம். வெளியே எடுத்தால் கண்ணாடி மாதிரி முகம் தெரியும்.

சோதனை என்றால் கருவி எதுவும் கிடையாது. தலைமுடிதான். காலையில் சீப்பில் வந்த நீள முடியை அந்தப் பெண்கள் ஒரு தாளில் சுற்றிக் கொண்டுவருவார்கள். ஒரு முடியை வளையத்துக்குள் விட்டு இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல இழுப்பார்கள். எங்காவது சொரசொரப்போ கண்ணுக்குத் தெரியாத கீறலோ இருந்தால் முடி அந்த இடத்தில் தட்டும், விரலுக்குத் தெரியும். தொழிற்பேட்டையில் வேறு எங்கும் இந்தப் பழக்கம் இல்லை. எங்கள் பட்டறைப் பெண்கள் தாங்களாகவே கண்டுபிடித்துக்கொண்டது. எனக்கு அது கொஞ்சம் அருவருப்பாகக்கூட இருந்தது. வெளியாட்கள் வரும்போது அந்தத் தாளை எடுத்து உள்ளே வைக்கச் சொல்வேன்.

அப்போதுதான் கோயம்புத்தூரிலிருந்து அந்த இளைஞர் வந்தார். இன்ஜினியர். நண்பர் ஒருவரோடு சேர்ந்து தகரக் கொட்டகையில் இயந்திரம் செய்ய ஆரம்பித்திருந்தார். பாலியஸ்டர் நூல் சுற்றும் இயந்திரம், வெளிநாட்டு இயந்திரத்தின் விலையில் பாதிக்குத் தருகிறோம் என்று ஒரு மில்லில் வாக்குக் கொடுத்துவிட்டு, அதற்கு வளையம் தேடி அலைந்துகொண்டிருந்தார். ஒரு வெளிநாட்டு வளையத்தையும் இரண்டு கோன் பாலியஸ்டர் நூலையும் கொடுத்து, "இதே மாதிரி வேணுங்கண்ணா, பளபளப்பு வேண்டாங்க, இப்படி மங்கலாத்தான் இருக்கோணும்" என்றார். வரைபடத்திலும் எழுதியிருந்தார்.

சாம்பிளுக்கு இருபது வளையம் செய்தோம். அக்கா அரை நாள் மட்டும் உருட்டி எடுத்தார். பார்க்கச் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. அனுப்பினோம். பிரமாதமாக ஓடுகிறது என்று ஃபோன் வந்தது, கையோடு மூன்று பெட்டிக்கு ஆர்டரும் வந்தது.

இந்த இடத்தில்தான் என் புத்தி வேலை செய்தது. எங்கள் ஊர்க்காரன் ஒருவனைத் தவிர வேறு யாரும் அப்படி யோசித்திருக்க மாட்டார்கள். பீங்கான் என்றால் எங்களுக்குப் பளபளப்பு. பொம்மையானாலும் ஜாடியானாலும் மினுமினுப்பைப் பார்த்துத்தான் விலை சொல்லுவோம். மங்கலாக வெளியே வந்தால் வேகவில்லை, கைவேலை தெரியாதவன் செய்தது என்று அர்த்தம். பாவம், விருத்தாசலத்தில் பளபளப்பாகச் செய்ய வராது என்று நினைத்துத்தான் அந்தப் பையன் மங்கலாகக் கேட்டிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். சாம்பிளே இவ்வளவு பிடித்துவிட்டதென்றால் முகம் தெரிகிற வளையத்தைப் பார்த்தால் மயங்கியே விழுந்துவிடுவான். கடைக்காரர் கொசுறு போடுவதுபோல நான் பளபளப்பைப் போட்டுத்தர நினைத்தேன்.

"ரெண்டு நாள் உருட்டுங்கக்கா" என்றேன்.

அக்கா டிரம்முக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தயங்கினார். "சார், அவங்க மங்கலாத்தான கேட்டாங்க."

"கேட்டாங்க. நாம அதவிட நல்லா குடுக்கறோம்."

"இல்ல சார், நான் அந்த நூல இழுத்துப் பாத்தேன். பருத்தி வளையத்துலயும் வுட்டுப் பாத்தேன், இந்த மங்கல்லயும் வுட்டுப் பாத்தேன். பளபளப்புல புடிக்குது சார். மங்கல்லதான் வழுக்கிகிட்டு போவுது."

நான் சிரித்தேன். வழவழப்பில் பிடிக்கிறதாம், சொரசொரப்பில் வழுக்குகிறதாம்.

அவர் விடவில்லை. "வூட்டுல சாப்புட்ட தட்ட கழுவி ஈரத்தோட ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா ஒட்டிக்கும் பாருங்க, பிரிக்கவே வராது. அது மாதிரிதான் சார். பளபளன்னு இருந்தா இந்த நூலு முழுசா படுத்துக்குது. மங்கலா இருந்தா மேடு மேடாதான் தொடுது, அதான் நிக்காம ஓடுது."

இன்று அதைப் பாடப்புத்தகத்தில் படித்துப் புரிந்துகொண்டிருக்கிறேன். பாலியஸ்டர் இழை பருத்தி மாதிரி இல்லை, தானே வழவழப்பானது. வழவழப்பான பரப்பில் அது அதிக இடத்தைத் தொடும், உரசல் கூடும், சூடாகும், அறும். அக்கா சொன்னதற்கு மேல் அந்தப் புத்தகத்தில் எதுவும் இல்லை. அன்று நான் சொன்னது, "டிப்ளமோ நீங்க படிச்சிருக்கீங்களா, நான் படிச்சிருக்கனா? போய் டிரம்ம போடுங்க." மற்ற மூன்று பெண்களும் கேட்கும்படி சொன்னேன். அக்கா டிரம்மைப் போட்டார். டிரம் போட்ட நேரத்தையும் எடுத்த நேரத்தையும் எழுதி ஒரு நோட்டில் கையெழுத்துப் போடுவது வழக்கம். இரண்டு நாள் என்று எழுதி அவரே கையெழுத்தும் போட்டார்.

மூன்று பெட்டியும் போனது. பெட்டியை மூடுவதற்கு முன் ஒரு வளையத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, என் முகம் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரிந்தது, சந்தோஷமாக இருந்தது.

பத்து நாள் கழித்து அந்த இன்ஜினியரே நேரில் வந்துவிட்டார். ராத்திரியெல்லாம் தூங்காத முகம். கையில் ஒரு பிளாஸ்டிக் பையில் எங்கள் வளையங்கள். மில்லில் இயந்திரத்தைப் போட்ட முதல் நாளே நூல் அறுந்து அறுந்து விழுந்திருக்கிறது. அறுந்த இழை பஞ்சு பஞ்சாகச் சுற்றிக்கொண்டு இயந்திரமே நின்றுவிட்டது. இன்னும் ஒரு வாரத்தில் சரிசெய்யாவிட்டால் இயந்திரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்களாம். அது அவர்கள் விற்ற முதல் இயந்திரம். அது திரும்பி வந்தால் கொட்டகையைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் எங்காவது வேலைக்குப் போக வேண்டியதுதான்.

அவர் சத்தம் போடவில்லை. "சாம்பிள் நல்லாத்தானுங்களே இருந்துச்சு. இது ஏனுங்க இப்படி ஆச்சு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டுத் தப்பித்திருப்பேன்.

எங்கள் முதலாளி டிரம் நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் வாடிக்கையாளர் எதிரில் யாரையாவது திட்டியே ஆக வேண்டிய நிலையில் இருந்தார். "யாருய்யா ரெண்டு நாள் உருட்டுனது? அரை நாள்னுதான பேச்சு?" என்றார். நோட்டில் அக்காவின் கையெழுத்து. அவரைக் கூப்பிட்டார்கள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்.

எனக்கு அப்போது புதுக் கல்யாணம். ஊரில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தேன். இதையெல்லாம் காரணமாகச் சொல்லவில்லை. என்ன வைத்திருந்தேன் என்பதற்காகச் சொல்கிறேன். வேலை போயிருந்தாலும் இன்னொரு பட்டறையில் எனக்கு வேலை கிடைத்திருக்கும். டிப்ளமோ இருந்தது.

"நான் அரை நாள்தான் சொன்னேன் சார்" என்றேன். "பருத்தி வளையம்னு நெனச்சுகிட்டு இவங்க மறந்து வுட்டுட்டாங்க போல."

அதுவரை அக்கா, அன்று 'இவங்க'. 'போல' என்று ஒரு வார்த்தையையும் சேர்த்துக்கொண்டேன், நாளைக்கு யாராவது கேட்டால் நான் உறுதியாகச் சொல்லவில்லையே என்று சொல்லிக்கொள்ள.

அக்கா என்னைப் பார்த்தார். "சார் சொன்னதுதான..." என்று ஆரம்பித்தார்.

"சாரு என்ன சொன்னாரு?" என்று முதலாளி கேட்டார்.

நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு போட்ட தாளில் அவர் எழுத்து, பள்ளிக்கூடப் பிள்ளை எழுத்து மாதிரி வட்ட வட்டமாக இருந்தது. "ஒண்ணும் இல்ல சார்" என்ற குரல் கேட்டது.

"மூணு பெட்டிம்மா. ஒரு கம்பெனியே போவ இருந்தது. நாளையிலேருந்து வர வேணாம்" என்றார் முதலாளி.

ஃபினிஷிங் பிரிவுக்கும் ஆபீசுக்கும் நடுவே ஒரு ஆள் உயரத்துக்குப் பலகைத் தடுப்புத்தான். அக்கா அதற்கு அந்தப் பக்கம் போய்த் தன் ஒயர் கூடையை எடுத்து, சாப்பாட்டு டப்பாவை அதில் வைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது இன்ஜினியர் என்னைக் கேட்டார். "ஆனாலும் எனக்குப் புரியலீங்கண்ணா. வழவழன்னு இருந்தா நூல் நல்லால்ல ஓடோணும்? மங்கல் வேணும்னு கேட்டேனே தவிர, ஏன்னு எனக்கே தெரியாதுங்க. வெளிநாட்டுக்காரன் போட்டிருந்தான், அதனால கேட்டேன்."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அதோடு முடிந்திருக்கும். ஒரு சாதாரணக் கோழையாக இருந்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அந்த முகத்தில் ஒரு மரியாதை தெரிந்தது, தெரிந்தவனிடம் கேட்கிறவனின் மரியாதை. என்னால் அதை விட முடியவில்லை.

"ஈரத் தட்ட ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா ஒட்டிக்கும் பாருங்க" என்று ஆரம்பித்தேன். நூல் முழுசாகப் படுத்துக்கொள்கிறது என்றேன். மேடு மேடாகத் தொட்டால்தான் நிற்காமல் ஓடும் என்றேன். ஒரு வார்த்தை மாற்றவில்லை. பலகைக்கு அந்தப் பக்கம் டப்பா வைக்கிற சத்தம் நின்றுவிட்டது. கேட்டுக்கொண்டு நின்றார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் பேசினேன். பிறகு செருப்புச் சத்தம் வாசல் பக்கம் போனது.

இன்ஜினியர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்படி ஒருத்தர்கூடச் சொல்லலீங்கண்ணா" என்றார். முதலாளியும் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். நான்கே நாளில் புதிய வளையங்களை அரை நாள் உருட்டி அனுப்பினோம். டிரம்மை நானே போட்டேன். மில்லில் இயந்திரம் ஓடியது.

அதற்குப் பிறகு அவர்கள் வளர்ந்ததை நான் உட்கார்ந்த இடங்களை வைத்தே சொல்லிவிடலாம். முதல் தடவை கோயம்புத்தூர் போனபோது கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பாவில் உட்கார்ந்து டீ குடித்தேன். அடுத்த வருடம் பிளாஸ்டிக் நாற்காலி. பிறகு சொந்த இடம் வாங்கிக் கட்டினார்கள், அங்கே சுழலும் நாற்காலி. நூல் அறுந்தால் தானாகக் கண்டுபிடித்து நிறுத்துகிற மின்னணுக் கண்ணை இயந்திரத்தில் பொருத்த ஆரம்பித்தார்கள். பிறகு எந்த மில்லில் எந்த இடத்தில் நூல் அறுகிறது என்று கோயம்புத்தூரில் உட்கார்ந்தபடியே திரையில் பார்க்கிற ஏற்பாடு வந்தது. மென்பொருள் எழுதுகிற பிள்ளைகள் ஒரு மாடி முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். இயந்திரங்கள் கப்பலில் போயின. எங்கள் விருத்தாசலம் பட்டறையும் கூடவே மூன்று மடங்காகப் பெருத்தது. ஒருநாள் அந்த இன்ஜினியர், இப்போது எம்.டி., "நீங்க இங்கயே வந்துடுங்கண்ணா" என்றார். பாகங்கள் சப்ளை செய்கிற பட்டறைகளின் தரத்தைப் பார்க்கிற மேனேஜர் பதவி. குடும்பத்தோடு போய்விட்டேன்.

யார் வந்தாலும் எம்.டி. என்னைக் கூப்பிட்டு அறிமுகப்படுத்துவார். "இவர் அன்னைக்கு அந்தத் தட்டுக் கதையைச் சொல்லலீன்னா நாம இன்னைக்கு இல்லீங்க" என்பார். புதுப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கச் சொன்னார். கேன்டீனிலிருந்து இரண்டு எவர்சில்வர் தட்டை வரவழைத்து, தண்ணீர் தெளித்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுப் பிரிக்கச் சொல்வேன். பிரிக்க வராமல் அது திணறும்போது எல்லோரும் கை தட்டுவார்கள். தலைமுடிச் சோதனையையும் சேர்த்துக்கொண்டேன். முன்பு ஒளித்து வைக்கச் சொன்ன அதே முடி. "எங்கள் பட்டறையில் ஒரு முறையை உருவாக்கினோம்" என்பேன். உருவாக்கினோம் என்று பன்மையில் சொல்வது எனக்குப் பெரிய நேர்மையாகத் தோன்றியது.

நடுவில் ஒன்றுமே செய்யவில்லையா என்று கேட்கலாம். செய்தேன். அக்கா போய் நான்கைந்து மாதம் ஆனபோது, ஆர்டர் குவிந்து ஆள் போதாமல் இருந்தது. "அந்த அக்காவயே திரும்ப கூப்டுக்கலாமே சார், நல்லா வேல தெரிஞ்சவங்க" என்று முதலாளியிடம் சொன்னேன். "மூணு பெட்டிய பாழாக்குனவங்கள எப்புடிப்பா கூப்புடறது? நீயே மறந்துட்டியா?" என்றார். பதில் சொல்ல ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. அதைச் சொல்லாமல், "சரிதான் சார்" என்றேன். என் முயற்சி அவ்வளவுதான்.

இன்னொரு தடவை மாசி மகத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். பழமலைநாதர் கோயிலைச் சுற்றிக் கூட்டம். கரும்புச்சாறு வண்டிக்கு எதிர்ப்பக்கம் அக்கா நின்றிருந்தார். கையில் ஒரு பெண் குழந்தை, பேத்தியாக இருக்கலாம். தலை நரைத்திருந்தது. என் மனைவி, "யாரப் பாக்குறீங்க?" என்றாள். நான் சட்டென்று சாறு வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். போட்டிருந்தது வார் இல்லாத ஷூ. ஒரு மேனேஜர், நாற்பது வயது தாண்டியவன், திருவிழாவில் கரும்புச் சக்கைக்கு நடுவில் குனிந்து நின்றேன்.

போன வருடம் கம்பெனி ஆரம்பித்த கதையை வீடியோவாக எடுக்க முடிவு செய்தார்கள். எம்.டி. ஒரு யோசனை சொன்னார். "கொட்டகையில எடுத்துட்டோம். விருத்தாசலத்துலயும் போய் எடுக்கோணுமுங்க. அந்த முடி சோதனைய அந்த ஊர்ப் பொம்பளைங்க கையால செஞ்சு காட்டுனா நல்லாருக்கும். நீங்களும் போங்கண்ணா." கேமராக்காரரும் ஒரு பெண் இயக்குநரும் நானுமாகப் போனோம்.

பட்டறையை இப்போது பழைய முதலாளியின் மகன் நடத்துகிறார். ஃபினிஷிங் பிரிவில் ஏசி, பெரிதாக்கிக் காட்டும் கருவி, தலையில் வலைத்தொப்பி போட்ட சின்னப் பெண்கள். யாருக்கும் முடியை வைத்துச் சோதிக்கத் தெரியவில்லை. "கவலப்படாதீங்க, தெரிஞ்சவங்க ஒருத்தங்கள வரச் சொல்லியிருக்கேன். பொம்மைப் பட்டறைல அச்சு ஊத்தறாங்க" என்றார் மகன். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வாசலுக்குப் போய் நின்றுகொண்டு வராத ஃபோனில் பேசினேன்.

அக்கா வந்தார். இளைத்திருந்தார். "நல்லா இருக்கீங்களா சார்" என்று கேட்டார், நேற்று பார்த்தவரைக் கேட்பதுபோல. விளக்குகளைப் போட்டார்கள். அவர் உட்கார்ந்து, முந்தானையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். முடி வெள்ளையாக இருந்தது. கேமராவில் தெரியாது என்று சொல்லி, வலைத்தொப்பிப் பெண் ஒருத்தியிடம் கறுப்பு முடி வாங்கினார்கள். ஒரு வளையத்தை எடுத்து முடியை உள்ளே விட்டு இழுத்தார். விரல்கள் தடித்துப் போயிருந்தன, ஆனாலும் அந்த இழுப்பு அப்படியே இருந்தது. மூன்றாவது வளையத்தில் நிறுத்தி, "இது வேணாம், உள்ள ஒரு கீறு இருக்குது" என்றார். பெரிதாக்கிக் காட்டும் கருவியில் வைத்துப் பார்த்தார்கள், இருந்தது.

இயக்குநர் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். "அம்மா, இதெல்லாம் உங்களுக்கு யாரு கத்துக் குடுத்தாங்க? கேமராவப் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், சொல்லிவிட்டாரே என்று ஒரு பக்கம் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். நான் செய்ய வேண்டியதை எனக்காக அவர் செய்துவிட வேண்டும் என்று எதிர்பார்த்து நின்றேன்.

அக்கா கேமராவைப் பார்த்தார். கையை என் பக்கம் காட்டினார். "சாருதான் கத்துக் குடுத்தாரு" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பும் வீடியோவில் பதிவாகியிருக்கிறது.

விளக்குகளை அணைத்ததும் அவர் எழுந்து வெளியே போனார். பின்னாலேயே போனேன். வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தி, "அக்கா" என்றேன். பதினான்கு வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல் வாயில் சரியாக வரவில்லை. "அன்னைக்கு நான் பண்ணது தப்பு. ரெண்டு நாள்னு சொன்னது நான்தான். தட்டுக் கத நீங்க சொன்னது. எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்குது. இன்னைக்காவது நீங்க சொல்லியிருக்கலாமே. ஏன் அப்புடிச் சொன்னீங்க?"

அவர் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன்.

"மூணு மணி பஸ்ஸ வுட்டா அப்புறம் அஞ்சுக்குதான் சார்" என்றார். "அவங்களுக்கு அப்புடிச் சொன்னாதான் சீக்கிரம் முடியும். வேற மாதிரி சொன்னா இன்னும் பத்துக் கேள்வி கேப்பாங்க."

அவர் தொடர்ந்தார். "அன்னைக்கு நீங்க சொல்லியிருந்தா எனக்கு வேல இருந்திருக்கும். வளையம் பண்ற எடம் வேற இல்ல, ஃபியூஸ் கட்ட கம்பெனில போய் கேட்டேன், மூணு பெட்டி நீங்கதானான்னு கேட்டாங்க. ரெண்டு வருஷம் கரும்பு வெட்டப் போனேன். அப்புறம் பொம்ம வேல. அதுல ஒண்ணும் கொறையில்ல." குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை, ஒரு பஸ் எந்த வழியாகப் போகும் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

"என்ன மன்னிச்சிடுங்கக்கா" என்றேன்.

"எங்கிட்ட ஏன் சார் சொல்றீங்க? எனக்குத் தெரிஞ்சதுதான. தெரியாதவங்க உள்ள இருக்காங்க, அவங்ககிட்ட சொல்லுங்க."

சொல்லிவிட்டு ரோட்டுப் பக்கம் திரும்பி பஸ் வருகிறதா என்று பார்த்தார். இத்தனை வருடமும் அவர் என்னை நினைத்து மனதுக்குள் சபித்துக்கொண்டிருப்பார் என்று நான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையிலும் என் மிதப்புத்தான் இருந்திருக்கிறது. அவருக்கு நான் ஒரு மூன்று மணி பஸ்ஸுக்குக்கூட ஈடில்லை.

அந்த நேரத்தில் இயக்குநர் பெண் வாசலுக்கு வந்தார். கேமராக்காரர் அவருக்குப் பின்னால், கேமராவைத் தோளிலிருந்து இன்னும் இறக்கவில்லை. "சார், இன்னும் ரெண்டு நிமிஷம் டைம் இருக்கு, வெளிச்சமும் நல்லாருக்கு. நீங்க வேற ஏதாவது சேர்த்துச் சொல்லணுமா?" என்றார்.

அக்கா ஐந்தடி தள்ளி நின்றிருந்தார். திரும்பவில்லை, ஆனால் காது கேட்கிற தூரம்தான்.

"இல்லம்மா, அவ்வளவுதான்" என்றேன்.